நாலரை மணிக்கு எழுந்தும் பேருந்து தவறுகிறதே!

கேள்வி: எனக்கு 38 வயது. மதுரையில் வசிக்கிறோம், ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கராக வேலை பார்க்கிறேன். கணவர், ஏழாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அத்தை என வீட்டில் ஐந்து பேர். தினமும் நாலரை மணிக்கு எழுந்தும், எட்டு மணிப் பேருந்து வாரத்தில் இரண்டு நாளாவது தவறிவிடுகிறது. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்ற அளவில் ஞாயிற்றுக்கிழமை அரைத்து, ஒரே பெரிய பாத்திரத்தில் வைக்கும் இட்லி மாவு செவ்வாய்க்கிழமையே புளித்துப் போகிறது. பாத்திரங்களின் அடியில் பிடிக்கும் கரியைத் தேய்க்கவே கால் மணி நேரம் ஆகிறது; இடுப்பும் வலிக்கிறது. சாமான்களை வசதியாக இடம் மாற்றி வைத்தால் அத்தை மறுநாளே பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார். கணவர் சொன்னால் எதையும் செய்வார்; ஆனால் சொல்ல வேண்டும். தவணையில் பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கினால் விடிவு வருமா? இன்னும் சீக்கிரம் எழ வேண்டுமா? வாசல் கோலத்தை விட மட்டும் மனம் வரவில்லை. கடைசியாக ஒன்று: போர் தண்ணீரால் குழாய்களில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பை எப்படி நீக்குவது? எங்கள் சமையலறையின் படத்தை வரைந்து இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நாலரைக்கு முன்னால் எழ வேண்டாம். மனையியல் பாடம் நடத்திய காலத்தில் என்னிடம் இதே கேள்வியோடு வந்த பெண்களில் பலரும், நேரம் போதவில்லை என்றதும் முதலில் தூக்கத்தைத்தான் வெட்டினார்கள். தூக்கம் குறைந்த கை மெதுவாக இயங்கும், மறதியும் கூடும். அரை மணி முன்னால் எழுந்து சம்பாதித்த நேரம், எங்கே வைத்தோம் என்று தெரியாத சாவியைத் தேடுவதிலேயே கரைந்துவிடும். இயந்திரத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன். அதற்கு முன் நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கடிதத்தைவிட அந்தப் படம்தான் எனக்கு அதிகம் சொன்னது.

படத்தில் பிரிட்ஜ் கூடத்தில் இருக்கிறது. பால் பாத்திரம் சிங்க்குக்கு மேலே உள்ள தட்டுக்கூடையில். காபித்தூளும் சர்க்கரையும் அடுப்புக்கு எதிர்ச்சுவரில் இருக்கும் அலமாரியின் மேல்தட்டில். வடிகட்டி சன்னல் கம்பியில் தொங்குகிறது. டம்ளர்கள் கூடத்து அலமாரியில். காலையில் முதல் காபி போடுவதை நான் உங்கள் படத்தின் மேல் பென்சிலால் கோடிழுத்துப் பார்த்தேன். பால் எடுக்கக் கூடத்துக்கு ஒரு நடை, பாத்திரம் எடுக்க சிங்க்குக்கு ஒரு நடை, பொங்கிவிடுமோ என்று அடுப்புக்குத் திரும்பி ஒரு நடை, தூளுக்கும் சர்க்கரைக்கும் எதிர்ச்சுவருக்கு ஒரு நடை, வடிகட்டிக்கு ஒன்று, டம்ளருக்கு மறுபடியும் கூடத்துக்கு ஒன்று. ஒரு காபிக்கு ஆறு நடை. அதில் இரண்டு முறை எட்டித் தூக்க வேண்டியிருக்கிறது. இதை ஒரு நாளைக்கு மூன்று தடவை செய்கிறீர்கள். காபி போடுவது உங்களுக்குச் சிரமமான வேலை என்று நீங்கள் எங்குமே எழுதவில்லை, அது சிரமமும் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் நடைதான் காலை நேரத்தைத் தின்கிறது.

மனையியல் மாணவிகளுக்கு நாங்கள் இதைக் கற்றுக்கொடுக்கும் விதம் எளிமையானது. சமையலறையின் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, அடுப்பு, சிங்க், பிரிட்ஜ், அலமாரி ஆகிய இடங்களில் குண்டூசி குத்தி, ஒருவர் சமைக்கும்போது எங்கெங்கே போகிறாரோ அந்த வரிசையில் ஊசிகளைச் சுற்றி நூலை ஓட்டச் சொல்வோம். சமையல் முடிந்ததும் நூலை அவிழ்த்து அளந்தால், ஒரு சாம்பாருக்கு எவ்வளவு தூரம் நடந்தோம் என்பது கையில் இருக்கும். பிறகு நாலைந்து சாமான்களை மட்டும் இடம் மாற்றிவிட்டு அதே சாம்பாரை மறுபடி வைக்கச் சொல்வோம். இரண்டாவது நூல் எவ்வளவு குட்டையாகிறது என்பதைப் பார்த்த மாணவிக்கு அதன்பின் நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நீங்கள் நூலைத் தேட வேண்டாம். படத்தை நாலு பிரதி எடுத்து, நாலு நாள் காலைச் சமையலை மட்டும் உங்கள் பெரிய பிள்ளையைப் பென்சிலால் கோடிழுக்கச் சொல்லுங்கள். அவனுக்கு அது விளையாட்டாக இருக்கும்.

இந்தச் சிந்தனை வெளிநாட்டிலிருந்து வந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. 1926-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர், ரயிலின் உணவுப் பெட்டிச் சமையலறையை மாதிரியாக எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு சமையலறையை வடிவமைத்தார் என்பதும், அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகளைக் கை எட்டும் இடத்தில் வைத்தார் என்பதும் உண்மைதான். ஆனால் கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாவற்றையும் ஒரே மூடிக்குள் அடக்கி, எண்ணெய் காயும் அந்த அரை நிமிடத்துக்குள் ஒரு கையால் எடுத்துப் போடும்படி செய்த அஞ்சறைப்பெட்டி அதே பாடத்தைத்தான் நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. தாளிப்புக்கு ஒரு பெட்டி இருப்பதுபோல, காபிக்கு ஒரு பெட்டி ஏன் கூடாது? ஒரு தட்டில் தூள், சர்க்கரை, கரண்டி, வடிகட்டி, ஐந்து டம்ளர் ஆகியவற்றை வைத்து, அந்தத் தட்டை அடுப்புக்கு வலப்பக்கம் வையுங்கள். பால் பாத்திரம் அடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும். பிள்ளைகளின் டிபன் பாக்ஸ், அதன் மூடி, ஸ்பூன், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் இன்னொரு தட்டு. மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுகிறவர்கள் மூன்றாம் நாள் உப்பைத் தேடுவார்கள்.

இங்கேதான் அத்தையைப் பற்றிப் பேச வேண்டும். அவர் வேண்டுமென்றே உங்கள் ஏற்பாட்டைக் கலைக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பல வருடங்களாக அந்த அடுப்படியில் நின்றவருக்கு எந்த டப்பா எங்கே என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரியும். நீங்கள் மாற்றி வைத்தால் அவர் கை வெறுமையைத் தொடுகிறது. அதோடு, முழங்கால் வலி உள்ளவரால் அடுப்பு மேடைக்குக் கீழே குனிந்து எடுக்க முடியாது. பருப்பு டப்பாவை நீங்கள் கீழ்த்தட்டில் வைத்தால் அவர் அதை மேலே கொண்டுவந்துதான் தீர வேண்டும். ஆகவே அவரிடம் கேட்டு மாற்றுங்கள். "அத்தை, உங்களுக்கு எந்தெந்தச் சாமான் குனியாமல் எடுக்கிற மாதிரி இருக்கணும்?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கேளுங்கள். இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் உள்ள தட்டுகள்தான் ஒரு சமையலறையின் விலையுயர்ந்த நிலம். அதில் யாருடைய சாமான் முதலில் குடியேற வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கட்டும். அவர் சொல்லி வைத்ததை அவரே மாற்ற மாட்டார்.

தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்குவதும் அவருக்கு இனி வேண்டாம். உட்கார்ந்தால் முழங்கையைவிடச் சற்றுக் கீழே வரும் உயரத்தில் ஒரு மேசையும், சாய்ந்துகொள்ள முதுகுள்ள நாற்காலியும் இருந்தால், சின்ன வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது, பீன்ஸ் நறுக்குவது ஆகிய மூன்றையும் அவர் மாலையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே முடித்துவிடுவார். சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் சுலபமாகக் கழன்று வரும். ஆய்ந்த கீரையைக் கழுவாமல் மெல்லிய துணியில் சுற்றிப் பிரிட்ஜில் வைத்து, சமைப்பதற்கு முன் கழுவினால் போதும். ஈரத்தோடு வைப்பதால்தான் அது அழுகுகிறது. உங்கள் சொந்த முழங்கையையும் அளந்து பாருங்கள். நின்று நறுக்கும் மேடை முழங்கையைவிட மூன்று நாலு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்திருந்தால் முதுகு குனிகிறது. நீங்கள் எழுதியிருக்கும் இடுப்பு வலிக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். கனமான நறுக்குப் பலகை ஒன்றை வாங்கி, அதன் அடியில் கட்டை கொடுத்து உயர்த்திக்கொள்ளலாம்.

மாவு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வாரம் அதன் மீதுதான் நிற்கிறது. இட்லி மாவைப் பொங்க வைப்பவை உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றில் முக்கியமானது லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. அது அமிலத்தையும் கரியமில வாயுவையும் சேர்த்தே உண்டாக்குகிறது. வாயு மாவை உப்பச் செய்கிறது, அமிலம் புளிப்பைத் தருகிறது. மதுரையின் வெப்பத்தில் எட்டு மணி நேரத்துக்குள் மாவு பொங்கிவிடும். பிரிட்ஜில் வைத்தால் இந்த வேலை நிற்பதில்லை, மிகவும் மெதுவாகிறது, அவ்வளவுதான். இப்போது உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மொத்த மாவும் ஒரே பெரிய பாத்திரத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை அதை வெளியே எடுத்து, இட்லி ஊற்றி, நீங்கள் கிளம்பும் அவசரத்தில் அது மேடையிலேயே ஒரு மணி நேரம் கிடக்கிறது. இரவு தோசைக்கு மறுபடியும் வெளியே வருகிறது. ஒவ்வொரு தடவையும் மாவு முழுவதும் சூடாகி, மறுபடி குளிர்வதற்குள் புளிப்பு ஒரு படி ஏறிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை அது புளித்துப் போவதில் வியப்பில்லை.

இதற்கு மாற்று இது. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்ற உங்கள் அளவை மாற்ற வேண்டாம். அரைத்து உப்புப் போட்டுக் கரைத்ததும், மாவை ஒரே பாத்திரத்தில் வைக்காமல், ஒரு வேளைக்கு வேண்டிய அளவாக நாலு எவர்சில்வர் தூக்குகளில் பாதி உயரத்துக்கு ஊற்றுங்கள். இரண்டு தூக்குகளை அன்றிரவு வெளியே வைத்துப் பொங்க விடுங்கள். மற்ற இரண்டையும் பொங்க விடாமல் அப்படியே பிரிட்ஜின் பின்பக்கம், குளிர் அதிகமாக உள்ள இடத்தில் வைத்துவிடுங்கள். பொங்கியவை திங்கட்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும்; செவ்வாய்க்கிழமைக்கு உரியதைத் திங்கள் காலையே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். செவ்வாய் மாலை ஆறு மணிக்கு மூன்றாவது தூக்கை வெளியே எடுத்துவைத்தால் புதன் காலைக்கு அது புது மாவாகப் பொங்கியிருக்கும். குளிர்ந்த மாவு முதலில் அறையின் வெப்பத்துக்கு வர வேண்டும் என்பதால், படுக்கப் போகும்போது எடுத்து வைத்தால் போதாது. மாலையிலேயே எடுக்க வேண்டும். நாலாவதைப் புதன் மாலை எடுங்கள். எந்தத் தூக்கும் இரண்டாம் தடவை பிரிட்ஜுக்குத் திரும்பக் கூடாது. மிஞ்சிய ஒரு கரண்டி மாவை அன்றிரவே ஊத்தப்பமாக்கித் தீர்த்துவிடுங்கள்.

அடுப்பில் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். குக்கருக்குள் அழுத்தம் முழுமையாக ஏறியதும் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரியில் நின்றுவிடும். அதன்பின் தீயை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் பருப்பு சீக்கிரம் வேகாது, விசில்தான் அடிக்கடி வரும், எரிவாயுதான் வீணாகும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு அந்த நேரத்தில் குளிக்கப் போகாமல், பக்கத்து அடுப்பைக் கவனியுங்கள். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, சாதமும் பருப்பும் அடுக்குப் பாத்திரத்தில் ஒரே குக்கரில் வெந்தால் இரண்டாவது குக்கரைக் கழுவும் வேலை மிச்சம். பாத்திரங்களின் அடியில் கரி பிடிப்பதாகவும் அதைத் தேய்க்கவே கால் மணி நேரம் ஆகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சுடர் மஞ்சளாக எரிகிறதா என்று பாருங்கள். பர்னரின் துளைகள் அடைபட்டால் காற்று சரியாகக் கலக்காமல் சுடர் மஞ்சளாகிக் கரி கக்கும். பர்னர் ஆறியபின் கழற்றி, பழைய பல்துலக்கியால் துளைகளைத் துலக்கி, நன்றாகக் காயவிட்டு மாட்டினால் சுடர் நீலமாகும். தினமும் கால் மணி நேரம் கரியைத் தேய்ப்பதைவிட மாதம் ஒரு நாள் கால் மணி நேரம் பர்னரைத் துலக்குவது எவ்வளவோ மேல். துலக்கியபின்னும் மஞ்சள் மாறாவிட்டால் எரிவாயு முகவரின் மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள். அடுப்பின் உள்பாகங்களில் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

இனி, பாத்திரம் கழுவும் இயந்திரம். வாங்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். இப்போது வேண்டாம் என்கிறேன். உங்கள் வீட்டில் தினமும் புழங்குவது இரும்பு தோசைக்கல், அலுமினியக் குக்கர், வெண்கல உருளி, எவர்சில்வர் தட்டு டம்ளர்கள். இவற்றில் இயந்திரத்துக்குள் நிம்மதியாகப் போகக்கூடியவை எவர்சில்வர் சாமான்கள்தான். அலுமினியம் கறுத்துவிடும், இரும்பு துருப்பிடிக்கும், வெண்கலம் மங்கிவிடும். எனவே தேய்ப்பதற்கு மிகவும் கஷ்டமான பாத்திரங்கள் எப்படியும் உங்கள் கைக்குத்தான் வரும். மேலும், குழாயில் உப்புப் படியும் அளவுக்குக் கடினமான தண்ணீர் அந்த இயந்திரத்துக்கும் பகை. தண்ணீரை மென்மையாக்கும் உப்பை அதில் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. முதலில் உங்கள் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். இயந்திரம் வாங்கப்போனால் கடைக்காரரிடம் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேச வேண்டும். நானே ஒரு கண்காட்சியில் மயங்கி, ஏழு பிளேடுகள் கொண்ட காய் நறுக்கும் கருவி ஒன்றை வாங்கினேன். நறுக்க இரண்டு நிமிடம், கழற்றிக் கழுவி மாட்டப் பத்து நிமிடம். இப்போது அது பரணில் கொலுப் படிகளுக்குத் துணையாக இருக்கிறது. தவணைப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, மாவு அரைக்கும் கிரைண்டரைத் தூக்கி இறக்காமல் ஒரே இடத்தில் வைத்துச் சாய்த்து மாவெடுக்கும்படி தாழ்வான உறுதியான மேசை ஒன்றைச் செய்துகொண்டால், உங்கள் இடுப்பு நன்றி சொல்லும்.

"கணவர் சொன்னால் எதையும் செய்வார், ஆனால் சொல்ல வேண்டும்" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். தண்ணீர் கேன் தீரப்போகிறது, பால் கணக்கு முடிக்க வேண்டும், சிலிண்டர் பதிய வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாய்த் தண்ணீர் இன்று வரும் முறை என்று ஓயாமல் நினைவில் வைத்துக்கொண்டிருப்பது எத்தனை நிமிடம் என்பதை அந்த எண்கள் காட்டுவதில்லை. நீங்கள் சொல்லி அவர் சிலிண்டர் பதிந்தால், பதிவது அவர் வேலை, நினைப்பது உங்கள் வேலை என்றே இருந்துவிடும். ஆகையால் வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல் முழுசாகக் கொடுங்கள். சிலிண்டர், குடிநீர் கேன், குழாய்த் தண்ணீர் பிடிப்பது ஆகிய மூன்றும் தொடக்கம் முதல் முடிவுவரை அவருடையவை என்று ஒரு நாள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அதன்பின் நீங்கள் நினைவூட்டக் கூடாது. முதல் மாதத்தில் ஒரு நாள் கேன் தீர்ந்துபோகும். போகட்டும், கொதிக்க வைத்த தண்ணீரைக் குடித்துக்கொள்ளலாம். அன்று நீங்கள் ஓடிப்போய் வாங்கிவந்தீர்களானால் அந்த வேலை உங்களிடமே திரும்பிவிடும்.

பிள்ளைகளுக்கும் அதே விதிதான். வாசற்கதவுக்குப் பக்கத்தில் அவரவர் தோள் உயரத்தில் ஆளுக்கு இரண்டு கொக்கி அடியுங்கள்: ஒன்றில் பை, மற்றதில் சீருடை. இரவு எட்டரை மணிக்கு மேல் கையெழுத்துக்காக எந்த டைரியும் உங்களிடம் வரக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். வண்டிச் சாவிக்கும் அங்கேயே ஓர் ஆணி இருக்கட்டும்.

கோலத்தை விடவே வேண்டாம். ஐந்து நிமிடம் யாரும் உங்களைக் கூப்பிடாத நேரம் உங்கள் நாளில் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. வேறெதையாவது விட வேண்டுமானால், வீட்டில் உடுத்தும் துணிகளுக்கு இஸ்திரி போடுவதை விட்டுவிடுங்கள். ஈரத்தோடு உதறி, மடிப்பு விழாமல் கொடியில் போட்டாலே போதும்.

குழாயில் படிந்த உப்புக்கு வருகிறேன். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசிய உப்புகள் தண்ணீர் உலர்ந்ததும் அங்கேயே தங்கிவிடுவதால் வரும் படிவம் அது. சோப்பு போட்டுத் தேய்த்தால் போகாது, புளிப்புக்குத்தான் கரையும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, உலர்ந்த துணியால் துடையுங்கள். குழாயின் வாயில் வலை இருந்தால் அதைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் வினிகர் ஊற்றிப் போட்டுவையுங்கள். தண்ணீர் மெலிந்து வருவதும் சரியாகும். பளிங்குத் தரையில் அந்தச் சாறு சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சொட்டிய இடம் பொலிவிழந்துவிடும். பிளீச்சிங் பவுடரை வினிகரோடு ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு ஆபத்தானது. ஒரு தடவை சுத்தமானபின், இரவு கடைசியாகக் கை கழுவுகிறவர் குழாயை ஒரு துடை துடைத்துவிட்டுப் போனால் உப்புப் படிவது வெகுவாகக் குறையும். அந்தத் துணியை சிங்க்குக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணியில் மாட்டிவையுங்கள்.